சாக்கெட் ஒன்று, மொழி ஐந்து: கார் டயக்னாஸ்டிக் போர்ட் வந்த கதை

சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டி அடாப்டர் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால், இன்ஜின் என்ன சொல்கிறது என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். ஆனால் ஒருவர் காரில் ஜோராக வேலை செய்த அதே அடாப்டர், பக்கத்து வீட்டு பழைய காரில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். சாக்கெட் என்னவோ இரண்டிலும் அதே 16 பின்தான். பிறகு ஏன் இந்த வம்பு? விடை தெரிய கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைப் புகை மூடியது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். போர்க்காலம் என்பதால் ஜப்பான் விஷவாயு விட்டுவிட்டது என்றே சிலர் பயந்தார்கள். ஜப்பான் பாவம், ஒன்றும் செய்யவில்லை. வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் கக்குவது வெயிலில் வினைபுரிந்துதான் இந்தப் புகை உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் காட்டினார். பின்னாளில் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

எண்பதுகளில் இன்ஜினுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டுப்போனாலும் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால் 1988 மாடல் கார்களிலிருந்து, கோளாறைக் காரே கண்டுபிடித்து விளக்கெரித்துச் சொல்ல வேண்டும் என்று வாரியம் விதித்தது. இதுதான் முதல் ஓபிடி. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் விதிக்கவில்லை. ஆளுக்கொரு சாக்கெட், ஆளுக்கொரு கோடு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஒரு பேப்பர் க்ளிப்பால் இரண்டு பின்களை இணைத்தால் விளக்கு கண் சிமிட்டும். ஒருமுறை, கொஞ்சம் நிறுத்தி இருமுறை என்றால் 12! மற்ற கம்பெனி காருக்கு வேறு கருவி, வேறு புத்தகம். சின்ன ஒர்க்‌ஷாப்காரர் எத்தனை கருவிதான் வாங்குவார்? வாடிக்கையாளர் கம்பெனி டீலரிடமே திரும்பிப் போவார். வணிகவியலில் சொல்லும் 'நுழைவுத் தடை' இதுதான்.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. ஒரே வடிவ சாக்கெட், பொதுவான கோடுகள். பி0301 என்றால் எந்தக் கம்பெனி காரானாலும் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். இதைவிடப் பெரிய விஷயம் 1990 காற்றுச் சட்டத் திருத்தத்தில் இருந்தது. இந்த சாக்கெட்டுக்குப் பாஸ்வேர்டு போடக் கூடாது, தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும் கருவி தேவைப்படவும் கூடாது. தெருமுனை மெக்கானிக்குக்கும் டீலருக்கும் ஒரே உரிமை.

அந்த சாக்கெட்டுக்குள்தான் ஒரு சமரசம் ஒளிந்திருந்தது. வடிவம் ஒன்றாயிற்று, மின்சாரத்தில் பேசும் மொழி ஒன்றாகவில்லை. ஃபோர்டு நொடிக்கு 41.6 கிலோபிட் வேகத்தில் ஒரு முறை. ஜெனரல் மோட்டார்ஸ் 10.4ல் வேறொன்று. க்ரைஸ்லரும் ஐரோப்பிய, ஆசியக் கம்பெனிகளும் ஐஎஸ்ஓ 9141. அதன் தம்பியாகப் பிறகு கேடபிள்யூபி 2000. 2, 10ஆம் பின்கள் அமெரிக்க முறைகளுக்கு, 7, 15 ஐஎஸ்ஓவுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள், பாகப்பிரிவினை போல! எல்லா மொழியும் தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பு காரை விட்டு ஸ்கேன் கருவியின் தலையில் விழுந்தது. கம்பெனிகளுக்கு மிச்சமான செலவை ஒர்க்‌ஷாப் ஏற்றது என்றும் சொல்லலாம்.

ஐந்தாவது மொழிதான் கடைசியில் ஜெயித்தது. பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய 'கேன்', 6, 14ஆம் பின்களில். 2008 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் அதுவே கட்டாயம்.

2005ல் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ், ஐந்து மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளராக ஈஎல்எம்327 என்ற சிப்பை விற்பனைக்கு விட்டது. முதல் பதிப்புக்குக் காப்புப் பூட்டு போடவில்லை. விளைவு, சந்தை முழுக்கப் போலி. '1.5' என்று அச்சிட்ட அடாப்டர்கள் குவிந்தன. எல்ம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. விலையைக் குறைக்கப் பழைய மொழிகளுக்கான சர்க்யூட்டையே விட்டுவிட்ட போலிகளும் உண்டு. பக்கத்து வீட்டு பழைய கார் பேசாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அசலைத் தந்த எல்ம் 2022ல் கடையை மூடிவிட்டது.

சரியான அடாப்டரே கிடைத்தாலும், சட்டம் திறந்து வைத்தது புகை சம்பந்தப்பட்ட தகவலை மட்டும்தான். ஏர்பேக், பிரேக் கோளாறெல்லாம் கம்பெனியின் சொந்த மொழியில். இதை எதிர்த்து மாசசூசெட்ஸ் மாநிலம் 2012ல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் கார்கள் சாக்கெட்டைத் தொடாமலே வயர்லெஸ்ஸில் கம்பெனிக்குத் தகவல் அனுப்ப ஆரம்பித்துவிட்டன. அந்தத் தகவலும் உரிமையாளருக்கு வேண்டும் என்று 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 75 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே மாதம் கார் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது.