கிரீட் தீவுச் சுற்றுலாவும் மினாரா இல்லாத பள்ளிவாசலும்



எமது பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் வேலை செய்கிறார். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு ஏழு நாள் குழுச் சுற்றுலா போயிருந்தார். அங்கிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். துறைமுகத்தின் ஓரம், நீலக் கடல், கரையில் பெரிய குவிமாடத்தோடு ஒரு கட்டடம். மினாரா இல்லை. கீழே ஒரு குரல் பதிவு: "சேர், இது பள்ளி மாதிரி தெரியுது. உள்ளுக்குப் படக் கண்காட்சி நடக்குது. கைட் ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போய்ட்டா. இதுட கதை என்ன?"

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தோம். எழுத எழுத, இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய பதில் அல்ல என்று பட்டது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் குழுச் சுற்றுலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1841ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயிலில் சில நூறு பேரைக் குறைந்த கட்டணத்தில் கூட்டிச் சென்றார். போனது எதற்குத் தெரியுமா? மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கு! ஆள் சேர்த்துப் போனால் செலவு குறையும் என்ற அந்தக் கணக்கில்தான் பின்னர் பெரிய சுற்றுலாத் தொழில் வளர்ந்தது. 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து, பிரித்தானியர்களைக் கோர்சிகா தீவுக்கு அனுப்பினார். அந்த வழியில்தான் மத்தியதரைக் கடலின் தீவுகள் ஒவ்வொன்றாகச் சாதாரண மக்களுக்கும் திறந்தன.

நல்ல விடயம்தான். ஆனால் ஒரு பஸ் நிறைய ஆட்கள், ஒரு வழிகாட்டி, ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம் என்று வரும்போது எதைக் காட்டுவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். கிரீட்டில் என்ன விடுபடுகிறது என்பதை அந்த மாணவரின் பயணப் பாதையிலேயே போய்ப் பார்ப்போம்.

முதல் இடம்: க்னோசஸ்

ஹெராக்லியோன் நகருக்கு அருகே உள்ள பழைய அரண்மனை. மினோவன் நாகரிகத்தின் தலைமை இடம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. 1878இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர்தான் இங்கே முதலில் தோண்டினார். 1900இலிருந்து ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் பெரிய அளவில் தோண்டி, சில பகுதிகளைக் கொங்கிறீட் போட்டுக் கட்டியும் வைத்தார். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் சிவப்புத் தூண்கள் அப்படி மீளக் கட்டப்பட்டவையே. எல்லாக் குழுக்களும் இங்கே வருகின்றன. இதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டாம் இடம்: ஹெராக்லியோன் பழைய நகரம்

இங்கேதான் எமக்குத் தெரிந்த ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. ஹந்தக் யுத்தம், அதாவது அகழ் யுத்தம், மத்ரசாவில் நாம் எல்லோரும் படித்தது. ஹந்தக் என்றால் அகழி. இந்த நகரத்துக்குப் பல நூற்றாண்டுகளாக இருந்த பெயரும் அதுதான்.

கி.பி. 818இல் ஸ்பெயினின் குர்துபா நகரில், அமீர் முதலாம் ஹகமின் ஆட்சிக்கு எதிராகப் புறநகர் மக்கள் கிளர்ந்தார்கள். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. பிழைத்தவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஒரு பகுதியினர் மொரோக்கோவின் பாஸ் நகருக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் எகிப்தின் இஸ்கந்தரிய்யாவை அடைந்து, அந்த நகரத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். 827 அளவில் அப்பாஸிய தளபதி அப்துல்லாஹ் இப்னு தாஹிர் அவர்களை அங்கிருந்து வெளியேற்ற, அபூ ஹப்ஸ் உமர் என்பவரின் தலைமையில் கிரீட்டில் வந்து இறங்கினார்கள். கடலோரம் ஒரு கோட்டை கட்டி, சுற்றி அகழி வெட்டினார்கள். ஊரின் பெயர் 'ரபழ் அல்-ஹந்தக்' ஆயிற்று. கிரேக்கர்கள் வாயில் அது 'ஹந்தாக்ஸ்'. பின்னர் வந்த வெனிஸ்காரர்கள் வாயில் 'கந்தியா'. முழுத் தீவையுமே ஐரோப்பியர்கள் நெடுங்காலம் கந்தியா என்றுதான் அழைத்தார்கள்.

அகதிகளாக வந்தவர்கள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆண்டார்கள். சொந்த நாணயம் அடித்தார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர்களின் கப்பல்கள் ஏஜியன் கடலோரக் கிராமங்களைக் கொள்ளையடித்து, மக்களை அடிமைகளாகவும் பிடித்துச் சென்றன. 961இல் பைசாந்தியத் தளபதி நிகிபோரஸ் போக்காஸ் பல மாத முற்றுகைக்குப் பின் நகரத்தைப் பிடித்தார். பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன. மக்கள் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக்கப்பட்டார்கள். அந்த அந்தலூசியரின் நகரத்தில் இன்று பார்க்கக் கிடைப்பது மிகக் குறைவு. நெடுங்காலம் எஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து வெனிஸ் ஆட்சி. சுற்றுலாக்காரர்கள் நடந்து திரியும் தடித்த மதில்கள் அவர்கள் கட்டியவை. அந்த மதில்களின் முன்னால் உஸ்மானியப் படை 1648 முதல் 1669 வரை, இருபத்தொரு ஆண்டுகள் முற்றுகையிட்டுக் கிடந்தது. உலக வரலாற்றின் மிக நீண்ட முற்றுகைகளில் ஒன்று.

அப்படியானால் கிரீட் முஸ்லிம்கள் யார்?

இதுதான் வழிகாட்டியின் இரண்டு நிமிடத்துக்குள் அடங்காத பகுதி. உஸ்மானியர் ஆட்சி வந்ததும் துருக்கியிலிருந்து மக்கள் கப்பல் கப்பலாக வந்து குடியேறினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கிரீட் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர் மக்களின் சந்ததியினர். வீட்டில் பேசியது கிரேக்கம், அதுவும் கிரீட்டின் கிராமத்துக் கிரேக்கம். உம்மா தாலாட்டியதும் அதில்தான், சந்தையில் விலை பேசியதும் அதில்தான். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்களைப் போலவே 'மந்தினாதா' என்ற ஈரடிப் பாடல்களைக் கட்டிப் பாடினார்கள். துருக்கி மொழி பலருக்குச் சரியாக வராது.

1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தீவில் முஸ்லிம்கள் சுமார் 73 ஆயிரம் பேர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 1900இல் சுமார் 33 ஆயிரம் பேர் மட்டுமே. இருபதே ஆண்டுகளில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ஏன்?

ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அந்தத் தீவில் கிளர்ச்சியும் பழிவாங்கலும் மாறி மாறி நடந்தன. 1866 நவம்பரில் ஆர்காடி மடாலயத்தில் உஸ்மானியப் படை சூழ்ந்தபோது, உள்ளே இருந்தவர்கள் வெடிமருந்துக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அது இன்று ஒரு சுற்றுலாத் தலம். 1897இல் கிழக்கே சித்தியாப் பகுதியில் முஸ்லிம் கிராமங்கள் தாக்கப்பட்டு, ஏராளமான முஸ்லிம்கள் பிள்ளைகளோடு கொல்லப்பட்டார்கள். அதற்கு எந்தச் சுற்றுலா பஸ்ஸும் போவதில்லை. 1898இல் ஹெராக்லியோனில் முஸ்லிம் கும்பல் ஒன்று நூற்றுக்கணக்கான கிறிஸ்தவர்களையும் பிரித்தானியப் படையினர் சிலரையும் கொன்றது. துறைமுகத்துக்கு இறங்கும் பிரதான வீதிக்கு 'ஓகஸ்ட் 25 வீதி' என்று பெயர். பழைய நாட்காட்டிப்படி அந்தப் படுகொலை நடந்த நாள் அது. இன்று அந்த வீதியில் கடைகளும் கூட்டமும்தான் கண்ணில் படும்.

இரு பக்கத்தையும் எழுதுகிறோம். நம்மவருக்கு நடந்ததை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அது வழக்குக்கு எழுதும் முறைப்பாடு.

1898இல் கிரீட் சுயாட்சி பெற்றது, உஸ்மானியப் படை வெளியேறியது. 1913இல் தீவு கிரேக்கத்தோடு இணைந்தது. முஸ்லிம்கள் இஸ்மிருக்கும் சிரியாவுக்கும் லெபனானுக்கும் லிபியாவுக்கும் பிரிந்து போனார்கள். சிரியாவின் கடலோரத்தில் சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரால் அமைந்த ஹமீதிய்யா என்ற ஊரில், நூறு ஆண்டு கழிந்தும் கிரீட்டின் கிரேக்க மொழி பேசுபவர்கள் இருந்தார்கள்.

எஞ்சியவர்களின் கதையை ஒரு கடதாசி முடித்துவைத்தது. 1923 ஜனவரி 30ஆம் திகதி லோசானில் கிரேக்கமும் துருக்கியும் ஒப்பமிட்ட சனத்தொகைப் பரிமாற்ற உடன்படிக்கை. துருக்கியின் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தின் முஸ்லிம்கள் துருக்கிக்கு. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. கிறிஸ்தவர்கள் சுமார் 12 இலட்சம் பேர், முஸ்லிம்கள் மூன்றரை இலட்சத்துக்கு மேல். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. என்ன மொழி பேசுகிறாய் என்றும் கேட்கவில்லை. மார்க்கம் எது என்பது மட்டும்தான் கேள்வி.

கிரீட் முஸ்லிம்கள் அய்வலிக், ஜுந்தா, போத்ரும் போன்ற ஊர்களில் இறங்கினார்கள். துருக்கி மொழி தெரியாததால் 'அரைக் காபிர்' என்ற ஏளனப் பேச்சு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கிருந்து கிரேக்கம் போன கிறிஸ்தவர்களில் துருக்கி மொழி மட்டும் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'துருக்கி விதை'. இரண்டு கரையிலும் ஒரே கண்ணீர்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்த எமது உறவுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேசும் மொழி ஒன்றாக இருந்தும் ஊரை விட்டுப் போ என்று சொல்லப்படுவது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் இடம்: ரெதிம்னோவும் கானியாவும்

ரெதிம்னோவில் உயர்ந்த மினாராவோடு ஒரு கட்டடம். நெரட்சே பள்ளிவாசல். இன்று அது இசை அரங்கு. ஆனால் 1657இல் பள்ளிவாசலாக மாறுவதற்கு முன் அது ஒரு கத்தோலிக்க ஆலயம். இதையும் மறக்கக் கூடாது.

கானியா நகரில் எமது மாணவர் படம் எடுத்தது குச்சுக் ஹசன் பாஷா பள்ளிவாசல். 1645இல் உஸ்மானியர் நகரைப் பிடித்த பிறகு கட்டியது. கடலோரத்தில் இருப்பதால் 'யாலி' பள்ளி என்றும் பெயர். 1923 பரிமாற்றத்தோடு தொழுகை நின்றது. மினாரா இடிக்கப்பட்டது. இப்போது கண்காட்சி மண்டபம்.

அதே நகரில் சிறிது தூரம் நடந்தால் ஸ்ப்லாந்த்சியா சதுக்கம். அங்கே புனித நிக்கலஸ் தேவாலயம். வெனிஸ் காலத்தில் கத்தோலிக்க மடாலயத்து ஆலயம், பிறகு சுல்தான் இப்ராஹீம் பள்ளிவாசல், இப்போது ஓர்தடொக்ஸ் தேவாலயம். ஒரு பக்கம் மணிக்கூண்டு, மறுபக்கம் மினாரா. இரண்டும் இன்றும் நிற்கின்றன. அந்தத் தீவின் வரலாறு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடைசி இடம்: ஸ்பினலோங்கா

படகில் போகும் சிறு தீவு. 'தொழுநோயாளர் தீவு' என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறார்கள். அது உண்மை. 1903இல் தீர்மானிக்கப்பட்ட அந்தக் குடியேற்றம் 1957 வரை இருந்தது. விக்டோரியா ஹிஸ்லப் 2005இல் எழுதிய நாவலுக்குப் பின் கூட்டம் பெருகியது. ஆனால் நோயாளர்கள் குடியேறிய வீடுகள் யாருடையவை? 1715இல் வெனிஸ்காரரிடமிருந்து தீவு உஸ்மானியர் கைக்கு வந்த பின் அங்கே ஒரு முஸ்லிம் கிராமம் வளர்ந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. நோயாளர்கள் அந்த வெற்று வீடுகளுக்குள் வந்தார்கள். வீட்டை விட்டுப் போனவர்களின் வீட்டில், வீட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள்.

எமது மாணவருக்கு நாம் அனுப்பிய பதில் சுருக்கமானது. "ஓம் மகன், அது பள்ளிதான். அங்கே தொழுதவர்கள் கிரேக்கம் பேசியவர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்."

அவர் உடனே பதில் அனுப்பினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு வயதான ஆங்கிலப் பெண்ணுக்கும் வாசித்துக் காட்டினாராம். அவர் அடுத்த நாள் வழிகாட்டியிடம் கேட்டாராம். வழிகாட்டி கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, தன் பாட்டியும் அந்தப் பரிமாற்றத்தில் இஸ்மிர்ப் பக்கமிருந்து சிறு பிள்ளையாக வந்தவர் என்று சொன்னாராம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்காததால் அவரும் சொன்னதில்லை.

உறவுகளே, எங்காவது போனால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். நம் ஊருக்கு யாராவது வந்தால் காட்ட என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். பள்ளிவாசலின் பழைய பதிவேடு எங்கே? மையவாடியில் அடங்கியிருப்பவர்களின் விபரம் யாரிடம்? வாப்பாமார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் பக்கத்தை எழுதியவர்கள் அதைக் கீழே பதிவிடுங்கள். எமது வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.