முக்குறுணி நெல்லும் ஸரளி வரிசையும்

சங்கீதம் பள்ளிக்கூடத்தில் வரக்கூடிய வித்தையன்று, அது ரத்தத்தில் ஊறிக் குருவின் திண்ணையில் முதிர வேண்டியது என்று தஞ்சைச் சீமையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அந்தச் சீமையின் பெரிய கோயிலிலேயே வெட்டப்பட்டிருக்கும் ஒரு சாஸனம் இந்த அபிப்பிராயத்துக்கு முழுதும் இசைவதாகத் தெரியவில்லை. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்த ராஜராஜன், ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளக்கும்படி கட்டளையிட்டான். பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலம். ஆகவே ஆண்டுக்குத் தொண்ணூறு கலத்துக்குச் சற்று மேல். நெல்லைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியது அடுத்து வரும் நிபந்தனை. பாடுகிறவர் இறந்துபோனாலோ தேசாந்தரம் போய்விட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதியில்லையாயின், தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். வம்சத்துக்கு முதலிடம் கொடுத்த அதே வாக்கியத்தில், வம்சம் மட்டும் போதாது என்றும் எழுதி வைத்த அரசாங்கம் அது.

அந்தத் தகுதியை எங்கே, எந்த வயதில் சம்பாதித்தார்கள்? பிற்காலத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிவது குருகுலம். இக்காலத்தில் ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையே பையன்கள் இருக்கும் அந்தப் பிராயத்தில்தான் காவேரிக் கரைக் கிராமங்களில் ஒருவன் குருவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். 1908-இல் பிறந்த செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யர், திருவிடைமருதூர் கோட்டுவாத்திய வித்வான் ஸகாராம ராவிடமும், தியாகராஜரின் நேர்ச் சிஷ்யர்களிடம் கற்ற உமையாள்புரம் ஸ்வாமிநாதய்யரிடமும், மகாராஜபுரம் விசுவநாதய்யரிடமும் மாறி மாறிப் பயின்றவர். ஒரே குருவைப் பற்றிக்கொண்டு கிடப்பதுதான் குருகுலம் என்று நாம் பாவனை செய்துகொள்ளுகிறோம். உண்மையில் ஊருக்கு ஊர் வித்வான்கள் இருந்ததனால், நல்ல சிஷ்யன் நாலு இடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டான். மேளக்காரர் வீட்டிலோ படிப்பு இன்னும் பிரத்தியக்ஷமானது. பையன் முதலில் நாயனத்தைத் தொடுவதில்லை. குருவுக்குப் பின்னால் ஒத்து ஊதுவான், அல்லது தாளம் போடுவான். ஸ்வாமி புறப்பாட்டில் நாலு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரே ராகம் விரிந்து விரிந்து போவதைக் குருவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரவெல்லாம் கேட்டவனுக்கு, ராகம் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் பாடத்திட்டமும் இதற்கு ஈடு கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்தத் திண்ணை யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்டால் பெருமை சற்றுக் குறைகிறது. பெரும்பாலான ஜாதிகளுக்கு இல்லை. பெண்களுக்கு, தேவதாசிகளின் வீடுகளைத் தவிர, ஏறக்குறைய இல்லவே இல்லை. குடும்ப ஸ்திரீ பாட்டுக் கற்பதே அபகீர்த்தி என்று கருதப்பட்ட காலத்தில், அந்தக் கதவை ஓரளவு தள்ளித் திறந்தது பள்ளிக்கூடந்தான். தஞ்சையில் இதற்கு வித்திட்டவர்கள் மிஷனரிகளும் அவர்களிடம் படித்த தமிழர்களும். ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார், இரண்டாம் சரபோஜியின் பள்ளித் தோழர். பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவரும் அவரே.

அவருக்குப் பின் அதே ஊருக்கு வந்தவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் உபாத்தியாயர் பயிற்சி பெற்று, தஞ்சை லேடி நேப்பியர் பெண் பள்ளியில் மனைவியுடன் பணி செய்து, பிறகு சித்த வைத்தியத்தில் பொருளும் புகழும் ஈட்டிய அவர், அந்தப் பொருளைச் சங்கீதத்தில் கொட்டினார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை ஸ்தாபித்துத் தம் செலவிலேயே மகாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடா மகாநாட்டில் சுருதிகளைப் பற்றிய தம் சித்தாந்தத்தை விளக்கியபோது, அவருடைய பெண்மக்களே பாடி நிரூபித்துக் காட்டினார்கள். மறு ஆண்டு கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. பேரறிஞர்கள் அந்தப் பெருநூலையே கொண்டாடுவார்கள். எனக்கோ 1907-இல் அவர் பதிப்பித்த கருணாமிர்த சாகரத் திரட்டின் மீதுதான் பிரியம் அதிகம். ஸரளி, ஜண்டை, அலங்காரம் முடித்த பிள்ளை கீதத்துக்கு வந்தால், அர்த்தம் தெரியாத கன்னட, ஸம்ஸ்கிருத, தெலுங்குச் சொற்களை உருப்போட வேண்டியிருந்த நாளில், ஆரம்ப வித்யார்த்திகளுக்கென்று கீதம், ஸ்வரஜதி, கீர்த்தனம் எல்லாவற்றையும் தமிழிலேயே இயற்றி 96 பாடல்களாகத் தந்தது அந்தப் புத்தகம். வகுப்பில் நின்று கற்பித்த ஒருவருக்கே இப்படித் தோன்றும். தமிழிசைக்காகக் கல்கியும் மற்றவர்களும் மேடையில் வாதாடிய 1940-களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அது.

பின்னர் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் பாட்டு ஒரு பாடமாயிற்று. பாட்டு டீச்சரும் அவருடைய ஆர்மோனியமும் வந்தார்கள். வாரத்துக்கு ஓரிரு பாடவேளையில் நாற்பது குழந்தைகள் ஒரே சுருதியில் சேருவதற்குள் மணி அடித்துவிடும். ஆண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மோகன ராகத்தில் எம்.எஸ். விசுவநாதன் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தை, மோகனம் என்று அறியாமலே தினமும் பாடிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

தொழிலாகக் கற்க விரும்புவோருக்கு 1965-இல் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி ஏற்பட்டது. அதற்குக் கீழ்ப்படியாக 1990-களின் பிற்பகுதியிலிருந்து மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் வந்தன. டெல்டாவில் திருவாரூரிலும் சீர்காழியிலும் அவை நடக்கின்றன. பன்னிரண்டு வயதிலிருந்து சேரலாம், படிப்பு மூன்றாண்டு, குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவு. ஆணும் பெண்ணும் எந்த ஜாதியினரும் நாயனம் எடுக்கலாம் என்பது சிறிய மாறுதலன்று. சேருவதற்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பரம்பரை மேளக்காரர் வீட்டுப் பையன்கள் படிப்பை இடையில் விட்டு வருவதை உத்தேசித்துக் கொடுத்த சலுகையாகத்தான் இருக்கும். ஆயினும், திஸ்ரமும் மிஸ்ரமும் கலந்து கோர்வை கட்டி ஸமத்தில் கொண்டுவந்து இறக்குகிற தவில்காரனுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர், ஒரு கல்யாண ஊர்வலத்திலாவது நின்று தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை.