கீழே மறைந்த வரி

இராமநாதபுரத்தில் என் தமக்கை வீட்டுக்குப் போனால், அத்தானோடு உட்கார்ந்து ஒரு படமாவது பார்க்காமல் திரும்ப முடியாது. அத்தான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். காது மந்தமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆகவே, அடியில் ஆங்கில எழுத்து ஓடும் படங்களாகத் தேடிப் பிடிப்பார். ஊமைப்படக் காலத்தில் எழுத்தைப் படித்துச் சொல்லக் கொட்டகையில் ஓர் ஆள் நிற்பதுண்டு. காது கேளாதவருக்கு அந்த உபகாரமும் இல்லை, எழுத்தே கதி.

சென்ற முறை, தகழியின் நாவலை ராமு காரியாட் 1965-ல் எடுத்த ‘செம்மீன்’ படத்தைப் போட்டார். இரண்டு வரி வசனம் வந்தால் மேல்வரி தெரிந்தது. கீழ்வரி தலையை மட்டும் காட்டி மறைந்தது.

“கண்ணும் போய்விட்டது போலிருக்கிறது, மாப்பிள்ளே. மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும்” என்றார் அத்தான். எத்தனை நாளாக இந்தப் பயத்தை மனசுக்குள் வைத்திருந்தாரோ!

குற்றம் கண்ணில் இல்லை; சரித்திரத்தில் இருந்தது.

இந்தக் கரையில் பல வீடுகளுக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டித்தான் வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிற்று. அதைப் பிடிக்க மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் தெற்கே திரும்பின. இராமேசுவரத்தின் 323 மீட்டர் கோபுரம் எழுந்தது பிற்பாடுதான். ரூபவாஹினியில் ஆங்கிலப் படத்தின் அடியில் சிங்கள எழுத்து வட்டம் வட்டமாக ஓடும். வாசிக்கத் தெரியாத எழுத்தில் பாதி மறைந்தால்தான் நமக்கு என்ன நஷ்டம்?

அந்தக் காலத்துப் பெட்டிக்குள் இருந்தது கண்ணாடிக் குழாய். மின்சாரம் ஏறி இறங்கினால் படமும் விரிந்து சுருங்கும். சுருங்கும்போது ஓரத்தில் கறுப்பு தெரியக்கூடாதென்று, படத்தைக் குழாயின் முகத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே விழச் செய்தார்கள். ஒளிபரப்புகிறவர்களும் அதை அறிந்து எழுத்தை உள்ளே தள்ளி வைத்தார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்தது. ஆயினும், பாட்டனார் காலமான பிறகும் அவர் செருப்பை வாசலில் வைத்திருப்பதுபோல, ஓரத்தை வெட்டும் வழக்கம் பல பெட்டிகளில் தங்கிவிட்டது.

அது தின்றது கொஞ்சம். மிச்சத்தைத் தின்றவன் பேரன். பழைய படத்தின் சட்டம் 4-க்கு 3. புதிய திரையோ 16-க்கு 9. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறதே என்று பையன் ‘ஜூம்’ பொத்தானை அழுத்தியிருக்கிறான். அகலம் நிறைந்தது, உயரத்தில் கால்பங்கு, மேலே பாதியும் கீழே பாதியுமாகப் போயிற்று.

ரிமோட்டை வாங்கி, படத்தின் அளவை 4-க்கு 3 ஆக்கினேன். ஓர வெட்டையும் நிறுத்தினேன். அந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயர். பிளேயரில் திரையின் வகை 16-க்கு 9 என்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

கறுப்புப் பட்டைகள் திரும்பின. கூடவே, இரண்டாவது வரி முழுசாக வந்து நின்றது. அத்தான் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“முதலிலிருந்து போடு, மாப்பிள்ளே.”