கீமோ ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு? வேலூர் நர்சிங் படிப்பின் கதை

1/ கீமோதெரபி மருந்தை எழுதுறது டாக்டர். ஆனா மருந்து ஏத்திக்கிட்டு ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ பஸ் ஏறினவருக்கு அடுத்த 3 வாரம் எப்படிப் போகும்ங்கறது, நர்ஸ் சொல்லி அனுப்பின பத்து நிமிஷப் பேச்சுல நிறைய இருக்கு. அப்படிப் பேசுற படிப்பு நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1900-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சாங்க. 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை. 1909-ல் நர்சிங் பள்ளி. மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல்தான். அதாவது வேலூரில் டாக்டர் படிப்புக்கு முன்னாடியே நர்ஸ் படிப்பு வந்துடுச்சு.

3/ அன்னைக்குப் பெண்ணை நர்சிங் படிக்க அனுப்பறது லேசான விஷயம் இல்லை. ராத்திரி வேலை. முன்பின் தெரியாதவங்க உடம்பைத் தொடணும், எந்தச் சாதின்னு பார்க்காம தொடணும். ரத்தம், மலம், சீழ் எல்லாம் துடைக்கணும். "நம்ம வீட்டுப் பொண்ணு இதைச் செய்யறதா?" அப்படின்னு தயங்கின குடும்பங்கள்தான் அதிகம்.

4/ ஐடா ஸ்கடர் வாரம் ஒருமுறை குடியாத்தம் ரோட்டில் வண்டியில போய், மரத்தடியில நோயாளிகளைப் பார்ப்பாங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு. டாக்டர் திரும்ப வர அடுத்த வாரம் ஆகும். நடுவுல புண்ணுக்குக் கட்டு மாத்துறது யாரு? வீட்டு ஆளுங்கதான். அப்போ அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் வேணும். இந்த "நடுவுல இருக்கிற நாட்கள்", இதை மனசுல வெச்சுக்கோங்க.

5/ 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாடு முழுக்க சுமார் 7,000 நர்ஸ்கள். கணக்குப் போட்டா 43,000 பேருக்கு ஒருத்தர்!

6/ அதே 1946-ல் வேலூர் நர்சிங் பள்ளி, மெட்ராஸ் பல்கலைக்கழகப் பட்டம் தர்ற கல்லூரியா உயர்ந்தது. டெல்லியிலும் அதே வருஷம் ஒரு நர்சிங் கல்லூரி தொடங்குச்சு. இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவைதான். "டாக்டர் சொன்னதைச் செய்" என்கிற பயிற்சிக்கும் "ஏன் செய்யறோம்னு தெரிஞ்சு செய்" என்கிற படிப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான் ஆரம்பிக்குது.

7/ இப்போ ஒரு ஆச்சரியம். அமெரிக்காவில் போர்க்கால ரகசியமா வெச்சிருந்த ஒரு ஆராய்ச்சி வெளியே வந்ததும் அதே 1946-ல்தான். மஸ்டர்ட் வாயுவின் உறவுக்கார ரசாயனத்தை ஊசியா போட்டா நிணநீர்க் கட்டி சுருங்குது! இன்றைய கீமோதெரபியின் தொடக்கம் அது. ரெண்டு கதையும் பின்னாடி ஒரே வார்டுல சந்திக்கும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது.

8/ மருந்துகள் வலுவாக வலுவாக, பக்கவிளைவும் வலுத்தது. 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் பல புற்றுநோய்களில் பெரிய வெற்றி. ஆனா குடலே வெளியே வர்ற மாதிரி வாந்தி. 1983-ல் ஆஸ்திரேலியாவில் நோயாளிகளையே கேட்டாங்க: உங்களை ரொம்ப வாட்டுறது எது? முதலிடம் வாந்தி, ரெண்டாவது குமட்டல், மூணாவது முடி கொட்டுறது.

9/ வேலூரில் 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போற நாட்களில், கை கழுவுறது, வாயைச் சுத்தமா வெச்சுக்கறது, காய்ச்சலை உடனே கண்டுபிடிக்கறது இதெல்லாம்தான் உயிர். 24 மணி நேரமும் அதைப் பார்க்கிறது நர்ஸ்.

10/ 1990-களில் ஆண்டன்செட்ரான் வந்து வாந்தி ஓரளவு அடங்குச்சு. காலையில மருந்து, சாயங்காலம் வீடு. நல்ல விஷயம்தான். ஆனா பக்கவிளைவும் கூடவே வீட்டுக்குப் போயிடுச்சு. மறுபடியும் அந்த "நடுவுல இருக்கிற நாட்கள்"!

11/ ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உட்கார்ற ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. மார்பகப் புற்றுநோய்க்குத் தர்ற பாக்ளிடாக்சல் விரல் நுனியை மரத்துப்போக வைக்கலாம். மத்தவங்களுக்கு அது தொந்தரவு, அவங்களுக்கு அது சம்பளம். "என்ன வேலை செய்யறீங்க?"ன்னு கேட்கிற நர்ஸ்தான் அதை முன்கூட்டியே பிடிப்பாங்க. சில பேர்கிட்ட அதை உருதுவில கேட்கணும்.

12/ "இதெல்லாம் ஆறுதல் பேச்சு தானே டாக்டர்?" இல்லைங்க. 2017-ல் நியூயார்க்கில் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. ஒரு பிரிவினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் பதிவு செய்வாங்க. மோசமானா நர்ஸுக்குத் தகவல் போகும், அவங்க உடனே கவனிப்பாங்க. அந்தப் பிரிவின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம். வழக்கமான சிகிச்சையில் 26 மாதம். புது மருந்து எதுவும் இல்லை. கேட்டாங்க, கவனிச்சாங்க, அவ்வளவுதான்.

13/ உங்க வீட்டில் யாராவது கீமோவில் இருந்தா இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க:
• காய்ச்சல் 100.4-ஐத் தொட்டா ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் போட்டு விடியற வரை பார்க்காதீங்க.
• வாந்தி மாத்திரையை வாந்தி வர்ற வரை காத்திருக்காம, சொன்ன நேரத்துக்குப் போடுங்க.
• சமையல் வாசனையே குமட்டினா ஆறின தயிர் சாதம், இட்லி கொடுங்க. பிரியாணி அப்புறம்.
• வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியில கொப்பளிங்க.
• விரல் மரத்துப்போனா மறைக்காதீங்க, அடுத்த ஊசிக்கு முன்னாடியே சொல்லுங்க.

14/ வார்டை விட்டுக் கிளம்பும் முன்னாடி நர்ஸ்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "எது வந்தா நான் பயப்படணும்? அப்போ எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" 1909-ல் தயங்கித் தயங்கி ஒரு குடும்பம் தன் பொண்ணைப் படிக்க அனுப்பினதோட பலன், அந்தப் பதிலில் இருக்கு. அவங்களை வெறும் "ஊசி போடுறவங்க"ன்னு சொல்லாதீங்க.