பனிக்கட்டி ஏன் மிதக்கிறது? அல்பிரூனியின் ஒரு கேள்வி

தண்ணீர் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் போத்தலை ஃபிரீஸருக்குள் மறந்து வைத்துவிட்டு, காலையில் சில்லுசில்லாகப் பொறுக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்தப் போத்தலைப் பற்றி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். அவர் அபூ ரைஹான் அல்பிரூனி. கேட்கப்பட்டவர் இப்னு ஸீனா.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிய காலம். 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இப்னு ஸீனா அவரை விட ஏழு வயது இளையவர். அல்பிரூனி அனுப்பியவை பதினெட்டுக் கேள்விகள். பத்து, அரிஸ்டோட்டிலின் வானவியல் நூலைப் பற்றியவை. மற்ற எட்டும் அவருடைய சொந்தக் கேள்விகள். அவற்றில் இரண்டுதான் இங்கே நமக்கு வேண்டியவை: பொருள்கள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குமென்றால், நீர் உறையும்போது போத்தல் ஏன் உடைகிறது? திடமாகிப்போன பனிக்கட்டி நீரில் மூழ்காமல் ஏன் மிதக்கிறது?

முதற் கேள்விக்கு இப்னு ஸீனா சொன்ன பதில்: குளிரால் சுருக்கம் ஏற்பட்டு உள்ளே வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது, வெற்றிடம் என்பது சாத்தியமில்லை, ஆகவே பாத்திரம் உடைகிறது. இரண்டாவதற்கு: பனிக்கட்டிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் மிதக்கிறது.

இரண்டும் பிழை. இதைச் சொல்வதில் இப்னு ஸீனாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அவர் கொள்கையிலிருந்து பதிலுக்கு வந்தார். அல்பிரூனி போத்தலிலிருந்து கேள்விக்கு வந்தார். கிடைத்த பதில்களில் அல்பிரூனி திருப்தியடையவில்லை, ஆட்சேபணைகளை எழுதி அனுப்பினார். அவற்றுக்கு மறுமொழி எழுதியவர் இப்னு ஸீனாவின் மாணவர் அல்மஃஸூமி. நம் மேடைகளில் "எல்லாம் நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பேசுகிறவர்கள் இந்தக் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தால் நல்லது. அங்கே இருப்பது கண்டுபிடிப்பல்ல, விட்டுக்கொடுக்காத ஒரு விசாரணை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

விடை வர வெகுகாலம் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகர ஆய்வுக் கழகத்தார் உலோக உருண்டைகளில் நீரை அடைத்து உறையவைத்து வெடிக்கச் செய்து, நீர் உறையும்போது சுருங்கவில்லை, பெருக்கிறது என்று காட்டினார்கள். 1780களில் கவெண்டிஷ், லவோசியே ஆகியோரின் சோதனைகளால் நீர் ஒரு மூலகம் அல்ல, ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை என்று தெரியவந்தது. ஐதரசன் பிணைப்பு என்ற கருத்தை லற்றிமரும் ரோட்புஷும் 1920இல் முன்வைத்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு நீர் மூலக்கூற்றின் ஐதரசன், பக்கத்து மூலக்கூற்றின் ஒட்சிசனால் ஈர்க்கப்படுகிறது. திரவத்தில் இந்தப் பிடிகள் கணத்துக்குக் கணம் விட்டு விட்டுப் பிடிக்கும். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அயலவர்களை நிலையாகப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவிலே வெற்றிடைவெளிகள் விழுகின்றன. கனவளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. போத்தல் உடைவது அதனால். பனிக்கட்டி மிதப்பதும் அதனால்தான், உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாவிட்டாலும்.

நீரின் அடர்த்தி 4 பாகை செல்சியஸ் அளவில் உச்சத்தில் இருக்கும். அதற்குக் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி, மேலிருந்து கீழாக உறைகிறது. மேலே படியும் பனியே கீழுள்ள நீருக்குப் போர்வையாகிவிடுகிறது. மற்றப் பெரும்பாலான திரவங்களைப் போல நீரும் உறைந்ததும் கனத்து அடியில் போய்க் குவிந்திருந்தால், குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்தே கட்டியாகியிருக்கும். மீனுக்கு ஒதுங்க இடமிருந்திருக்காது.

அல்பிரூனியின் ஊர் இதற்குத் தோதான இடம். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 921–922 குளிர்காலத்தில் அந்தப் பக்கம் தங்கிய பயணி இப்னு ஃபழ்லான், ஜைஹூன் நதி 17 சாண் கனத்துக்கு உறைந்து கிடந்ததையும், குதிரைகளும் வண்டிகளும் தெருவில் போவது போல அதன்மேல் போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த 17 சாணுக்கும் கீழே ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது.