விலாங்கு எங்கே பிறக்கிறது?

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று சிலரைத் திட்டுவோம் இல்லையா? அந்த விலாங்கு ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கெல்லாம் 2000 வருடங்களுக்கு மேல் வெறும் வாலைத்தான் காட்டியது. அந்தக் கதைதான் இன்று.

முதலில் ஏமாந்தவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322). கோழி முட்டைக்குள் குஞ்சு வளர்வதை நாள் கணக்கில் கவனித்து எழுதியவர் அவர். ஆனால் விலாங்கின் வயிற்றில் சினையும் இல்லை, விந்தும் இல்லை. தண்ணீர் வடிந்த குளத்தில்கூட மழை பெய்ததும் விலாங்கு வந்துவிடுகிறது. ஆகவே இது சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று முடிவு கட்டிவிட்டார். சிரிக்காதீர்கள், அவர் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொன்னார்!

1777-ல் இத்தாலியின் மொந்தினி பெண் விலாங்கின் சினைப்பையைக் கண்டுபிடித்தார். அப்போ ஆண் எங்கே? அதைத் தேட 1876-ல் வியன்னாவிலிருந்து திரியஸ்தே துறைமுகத்துக்கு ஒரு மாணவரை அனுப்பினார்கள். அவர் சுமார் 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த மாணவர் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். ஆமாம், பின்னாளில் மனித மனதை ஆராய்ந்த அதே ஃபிராய்ட்தான்!

அவர் மேல் தப்பில்லை. விலாங்கின் வாழ்க்கையே அப்படி. கடலில் பிறக்கும்போது அது கண்ணாடி மாதிரி ஒரு தட்டையான இலை. அதை வேறொரு மீன் என்று நினைத்துத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். 1896-ல் கிராஸி என்ற இத்தாலியர்தான் அந்த இலை விலாங்குக் குஞ்சாக மாறுவதைக் கண்டு சொன்னார். கரையை நெருங்கியதும் இலை சுருண்டு, நிறமில்லாத குட்டி விலாங்காகும். ஆற்றில் ஏறி மஞ்சள் விலாங்காகப் பல வருடங்கள், சில சமயம் 20 வருடங்களுக்கு மேலும் இருக்கும். பிறகு ஒருநாள் உடம்பு வெள்ளி நிறமாகிறது, கண்கள் பெரிதாகின்றன, குடல் சுருங்கிவிடுகிறது. இனி சாப்பாடே கிடையாது, கடலுக்குத் திரும்ப வேண்டியதுதான். இனப்பெருக்க உறுப்புகள் முழுதாக வளர்வதே அந்தக் கடைசிப் பயணத்தில்தான். கரையில் பிடித்ததை அறுத்தால் எப்படித் தெரியும்?

டென்மார்க்கின் யொஹானஸ் ஷ்மித் 1904-ல் தேடலைத் தொடங்கினார். அவர் கணக்கு எளிது: குஞ்சு சிறியதாக இருக்க இருக்க, பிறந்த இடம் பக்கத்தில் இருக்கிறது! அட்லாண்டிக் முழுக்க வலை வீசினார், சரக்குக் கப்பல்காரர்களையும் வீசச் சொன்னார். நடுவில் முதல் உலகப்போர் வேறு. மிகச் சிறிய குஞ்சுகள் கிடைத்த இடம் சர்காஸோ கடல் என்று 1922-ல் எழுதினார். கிட்டத்தட்ட 18 வருட உழைப்பு! (எனக்கு ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டே தாங்கவில்லை.)

2022-ல் கருவி பொருத்திய விலாங்குகள் சர்காஸோ போய்ச் சேர்ந்ததையும் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் அங்கே அவை முட்டையிடுவதை இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இதற்குள் 2008-லேயே ஐரோப்பிய விலாங்கு மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. பண்ணைகளில் வளர்ப்பதற்குக்கூட, கரைக்கு வரும் அந்தக் கண்ணாடிக் குஞ்சுகளைத்தான் இன்னும் பிடித்து வருகிறார்கள்.