கப்பல் ஏட்டில் ஒரு குடியானவன்

நம் கிராமத்துச் சாதாரண உழவன் ஒருவனின் வம்ச விருத்தாந்தத்தைத் தேடப் புகுந்தால், பாட்டனுக்குப் பாட்டன் பெயரோடு வழி அடைபட்டுப் போவதே பெரும்பாலும் வழக்கம். கோயிற் கல்வெட்டில் இடம்பெறும் அளவுக்குத் தானம் செய்யச் செல்வமோ, பட்டாவில் பெயர் ஏற நிலமோ அவனுக்கு வாய்த்ததில்லை. அத்தகைய ஒருவனுடைய பெயர், பிதாவின் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு ஆகிய விவரங்களை வரிசையாக எழுதிவைத்த ஏடு ஒன்று உண்டு. அது அவன் ஊரில் இல்லை. கடலுக்கு அப்பால் தென்னாப்பிரிக்க நெட்டாலில் இருக்கிறது.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்மேல் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் சென்ற முதற் கப்பலாகிய 'ட்ரூரோ', சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நெட்டால் சேர்ந்த சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. அவர்களுடைய சரித்திரத்தைக் காக்கவேண்டும் என்ற கருணையினால் எழுந்த ஏடன்று அது. வேலை வாங்குவோர் ஆளைத் தப்பாமல் அடையாளம் காணவே நெற்றி வடுவும் கை மச்சமும் குறிக்கப்பட்டன, ஆளுக்கோர் எண்ணும் கொடுக்கப்பட்டது. மனிதனை எண்ணாகக் குறுக்கிய அந்தக் கொடுமையின் சுவட்டைப் பற்றிக்கொண்டே இன்று கொள்ளுப்பேரர்கள் தங்கள் பூர்விகத்தை நாடி வருகிறார்கள் என்பது நெஞ்சை உருக்குகிறது.

வருகிறவரை முதலில் மயக்குவது பெயர்தான். ஆங்கில எழுத்தில் ஏறிய கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். செங்கற்பட்டு 'சிங்கிள்புட்' ஆயிற்று. ஆகையால் ஊர்ப்பெயரைக் கண்ணால் படிப்பதைவிட, அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எதிரில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே உத்தமம் என்பேன். ஜில்லாப் பெயரையும் அப்படியே நம்பிவிடலாகாது. வட ஆற்காட்டின் சில தாலுகாக்கள் 1911-ல் சித்தூர் ஜில்லாவோடு போய்விட்டமையால், வேலூரைச் சுற்றித் தேடப்படும் ஊர் ஆந்திரத்தில் இருக்கவும் கூடும்.

எனக்கோ, அந்த ஏட்டில் பிதாவின் பெயர் எழுதிய பத்தியைத்தான் கடந்துபோக மனம் வருவதில்லை. கப்பலையே கண்டிராமல், ஏரும் மாடுமாகத் தன் ஊரிலேயே வாழ்ந்து மடிந்த எத்தனையோ தகப்பன்மாரின் பெயர்கள், மகன் வாயால் ஒரே ஒரு முறை சொல்லப்பட்டு, அங்கே மசியில் நிற்கின்றன.